மலைநாட்டுப் பாடல்களைக் காத்த மக்கள் கவிமணி

பேராக் மாநிலத்தின் தென்மேற்குக் கரையோரத்தில் உள்ள பாகான் டத்தோ தென்னைக்குப் பெயர் பெற்ற வட்டாரம். அங்குள்ள தென்னைத் தோட்டங்களிலும் மாநிலத்தின் பிற பகுதிகளில் இருந்த இரப்பர்த் தோட்டங்களிலும் உழைப்பதற்காகத் தமிழர்கள் கப்பலேறி வந்தார்கள். கையில் அவர்கள் கொண்டு வந்த பொருள்கள் மிகச் சில. நெஞ்சில் கொண்டு வந்தவையோ பல. அவற்றுள் பாட்டும் ஒன்று. தாலாட்டு, கும்மி, தெம்மாங்கு, ஒப்பாரி என அந்தப் பாடல்கள் லயன் வீடுகளில் பிறப்புக்கும் திருமணத்துக்கும் இறப்புக்கும் துணை நின்றன. ஆயினும், பாடியவர் மறைந்தபோது பல பாடல்களும் அவருடன் மறைந்தன.

இதே போன்ற நிலை வங்காள விரிகுடாவின் மறுகரையில், இலங்கையின் தேயிலைத் தோட்டங்களிலும் இருந்தது. அங்கே, நாட்டின் சட்டமே தம் மக்களை அந்நியர் என்று ஒதுக்கிய காலத்தில், அம்மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் திரட்டி ஏட்டில் பதித்தவர் ஒருவர் இருந்தார். அவர்தாம் சி.வி. வேலுப்பிள்ளை. தொழிற்சங்கவாதி, நாடாளுமன்ற உறுப்பினர், ஆங்கிலக் கவிஞர், நாவலாசிரியர் எனப் பல பணிகளைச் செய்த அவரை மலையக மக்கள் 'மக்கள் கவிமணி' என்றும் 'சி.வி.' என்றும் அன்போடு அழைத்தனர்.

மலைநாட்டுக்கு வந்த மக்கள்

சி.வி.யின் வாழ்வை அறிவதற்கு முன், அவர் பிறந்த சமுதாயம் எவ்வாறு உருவானது என்பதை அறிதல் நலம். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆங்கிலேயர் இலங்கையின் மத்திய மலைப்பகுதியில் காடழித்துக் கோப்பி பயிரிடத் தொடங்கினர். அதற்குத் தேவையான ஆட்களைத் தமிழகத்திலிருந்து அழைத்து வந்தனர். திருச்சி, மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி, சேலம் போன்ற மாவட்டங்களில் பஞ்சமும் கடனும் மக்களை வாட்டிய காலம் அது. கங்காணிகள் ஊர் ஊராகச் சென்று ஆள் சேர்த்தனர். தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்ற ஆசை வார்த்தை கிராமங்களில் பரவியதாகப் பிற்காலத்தில் மலையக மக்கள் கூறி வந்தனர்.

தொடக்கக் காலத்தில் வந்தவர்கள் தோணிகளில் மன்னார்க் கரையை அடைந்து, அங்கிருந்து வன்னிக் காடுகளின் வழியாக மாத்தளை வரை நடந்தே சென்றனர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பசியாலும் வழியிலேயே உயிர் நீத்தவர் ஏராளம். 1869ஆம் ஆண்டில் கோப்பிச் செடிகளை இலைநோய் தாக்கியது. அடுத்து வந்த ஆண்டுகளில் கோப்பித் தோட்டங்கள் அழிந்து, அவை இருந்த மலைச்சரிவுகளில் தேயிலை பரவியது. 1914ஆம் ஆண்டில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் சேவை தொடங்கியது. இரயிலும் கப்பலும் இணைந்ததால் தோட்டங்களுக்கு வருவோரின் பயணம் எளிதாயிற்று.

தோட்ட வாழ்க்கை கண்டிப்பு நிறைந்தது. விடியுமுன் தப்பு ஒலிக்கும். தொழிலாளர்கள் பெரட்டுக் களத்தில் கூடுவார்கள். துரை, கணக்கப்பிள்ளை, கங்காணி என்ற அடுக்கின் கீழ் வேலை நடக்கும். பெண்கள் கூடையை முதுகில் சுமந்து கொழுந்து பறிப்பார்கள். பறித்த கொழுந்தின் எடை குறைந்தால் அன்றைய நாளுக்கு 'அரைப் பேர்' மட்டுமே, அதாவது பாதிக் கூலி மட்டுமே எழுதப்படும். மாலையில் வரிசையாக அமைந்த லயங்களில், ஒற்றை அறையில் ஒரு குடும்பமே ஒண்டிக்கொள்ளும். மலாயாவில் கணக்கப்பிள்ளையின் இடத்தில் கிராணி இருந்தார். கொழுந்துக் கூடையின் இடத்தில் பால் வாளி இருந்தது. மற்றபடி இரு நாட்டுத் தோட்டங்களிலும் பாட்டாளிகளின் வாழ்க்கை பெரிதும் ஒத்திருந்தது.

பிறப்பும் கல்வியும்

கப்பல் சேவை தொடங்கிய அதே 1914ஆம் ஆண்டில், செப்டம்பர் 14ஆம் நாள், நுவரெலியா மாவட்டத்தின் வட்டகொடைப் பகுதியில் உள்ள மடக்கும்புரைத் தோட்டத்தில் வேலுப்பிள்ளை பிறந்தார். அவருடைய குடும்பம் பெரிய கங்காணிக் குடும்பம். தோட்டங்களில் பெரிய கங்காணியின் வீடு வசதியானது, செல்வாக்கும் மிக்கது. லயத்தில் பிறந்த பிள்ளைகள் பலர் சிறுவயதிலேயே வேலைக்குப் போனார்கள். தோட்டப் பள்ளிக்கூடங்களோ ஒரு சில வகுப்புகளோடு முடிந்துவிடும். வேலுப்பிள்ளைக்கு மட்டும் அட்டன் நகரிலும் பின்னர் கொழும்பிலும் ஆங்கிலக் கல்வி பெறும் வாய்ப்புக் கிட்டியது.

இந்த வேறுபாடு அவரை மக்களிடமிருந்து பிரிக்கவில்லை. தாம் பெற்ற ஆங்கிலக் கல்வியைக் கொண்டு தோட்டத்துத் துரைமாருக்கு அருகே ஓர் இருக்கையைத் தேடிக்கொள்ள அவர் நினைத்திருந்தால், அது அவருக்குக் கிடைத்திருக்கும். அவரோ லயத்து மக்களின் பக்கமே நின்றார். சிறிது காலம் ஆசிரியராகவும் பணியாற்றினார். இளமையிலேயே ஆங்கிலத்தில் கவிதையும் நாடகமும் எழுதத் தொடங்கினார். 1934ஆம் ஆண்டில் வங்கக் கவிஞர் இரவீந்திரநாத் தாகூர் இலங்கைக்கு வருகை தந்தபோது, இருபது வயதைக்கூட எட்டாத வேலுப்பிள்ளை அவரைச் சந்தித்தார்.

தாகூர் உலகப் புகழ் பெற்ற கவிஞர். நோபல் பரிசு பெற்றவர். ஆயினும், வங்கத்துத் தாய்மார்கள் குழந்தைகளுக்குப் பாடிய சிறு பாடல்களைச் சேர்த்து, அவற்றைப் பற்றி ஆர்வத்தோடு எழுதியவர் அவர். எழுத்தறியாதவர் வாயிலும் இலக்கியம் உண்டு என்பதை உணர்ந்த பெருங்கவிஞர்களுள் அவரும் ஒருவர். பிற்காலத்தில் வேலுப்பிள்ளையும் அத்தகைய பணியில் ஈடுபட்டார்.

மேடையில் ஒலித்த பாட்டு

வேலுப்பிள்ளை இளைஞராக வளர்ந்த காலத்தில் மலைநாடு விழித்தெழத் தொடங்கியிருந்தது. தஞ்சையிலிருந்து வந்த கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளருக்காக இதழ்கள் நடத்தினார்; 1931ஆம் ஆண்டில் அவர்களுக்கெனத் தொழிற்சங்கம் ஒன்றை நிறுவினார். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாள் கூட்டங்களில் பாடல்களைப் பாடி மக்களைத் திரட்டினார். தோட்ட மக்களுள் படிக்கத் தெரியாதவர்களே மிகுதி. அவர்களிடம் ஒரு கருத்தைக் கொண்டு சேர்க்கத் துண்டறிக்கையைவிடப் பாட்டே விரைந்து பயன்பட்டது. பழகிய மெட்டில் புதிய செய்தியை அமைத்தால், அது ஒரு லயத்திலிருந்து மறு லயத்துக்கு ஒரே இரவில் போய்ச் சேர்ந்துவிடும்.

1939ஆம் ஆண்டில் இலங்கை இந்தியக் காங்கிரசு தோன்றியது. அதன் தொழிற்சங்கப் பிரிவு தோட்டங்களில் வேகமாக வளர்ந்தது. 1940ஆம் ஆண்டு சனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டு நடந்த வேலை நிறுத்தத்தின்போது காவலர் சுட்டதில் கோவிந்தன் எனும் தொழிலாளி உயிரிழந்தார். தோட்டத்துக்குள் தொழிற்சங்கத்தார் கால் வைப்பதே குற்றமாகக் கருதப்பட்ட காலம் அது. சங்கத்தில் சேர்ந்தவர்கள் வேலையையும் வீட்டையும் ஒருங்கே இழக்க நேரிட்டது. லயம் தோட்டத்துக்குச் சொந்தம் என்பதால், வேலை போனால் தலைக்கு மேல் இருந்த கூரையும் போய்விடும். இந்தத் துயரத்தையே வேலுப்பிள்ளை பின்னாளில் 'வீடற்றவன்' என்ற நாவலாக வடித்தார்.

வேலுப்பிள்ளை இந்த இயக்கத்தில் இணைந்து உழைத்தார். 1947ஆம் ஆண்டில் இலங்கையில் முதல் நாடாளுமன்றத் தேர்தல் நடைபெற்றது. மலைநாட்டு மக்கள் பெருந்திரளாக வாக்களித்தனர். இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் எழுவர் வெற்றி பெற்றனர். அவர்களுள் தலவாக்கலைத் தொகுதியில் வென்ற வேலுப்பிள்ளையும் ஒருவர். அப்போது அவருக்கு வயது 33. தோட்டத்தில் பிறந்த ஒருவர் நாட்டின் சட்டங்களை இயற்றும் மன்றத்தில் அமர்ந்தது தோட்ட மக்களுக்குப் பெருமகிழ்ச்சியை அளித்தது.

குடியுரிமை பறிபோன காலம்

அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. 1948ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் இலங்கை விடுதலை பெற்றது. அதே ஆண்டில் குடியுரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. ஒருவர் குடிமகனாக வேண்டுமானால், அவருடைய தந்தையோ முன்னோரோ இலங்கையில் பிறந்ததை மெய்ப்பிக்க வேண்டும் என்று அச்சட்டம் வகுத்தது. தோட்டங்களில் பிறந்தவர் பலருக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லை. அவர்களின் தந்தையருக்கும் பாட்டனாருக்கும் அது இருந்திருக்க வாய்ப்பே இல்லை. மூன்று தலைமுறைகளாக அந்த மண்ணில் உழைத்திருந்தும், அதைக் காட்ட ஒரு துண்டுத் தாள்கூட அவர்களிடம் இல்லை. இவ்வாறு இலட்சக்கணக்கானோர் நாடற்றவர் ஆயினர். அடுத்த ஆண்டு கொண்டுவரப்பட்ட தேர்தல் சட்டத் திருத்தம் அவர்களின் வாக்குரிமையையும் பறித்தது.

நாடாளுமன்றத்தில் எழுவரும் எதிர்த்துக் குரல் கொடுத்தனர். பயன் விளையவில்லை. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்களிக்க முடியாத மக்களால் தம் பிரதிநிதி எவரையும் அனுப்ப முடியவில்லை. வேலுப்பிள்ளையின் நாடாளுமன்றப் பணி ஐந்தாண்டுகளோடு முடிந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் தொடங்கிய சத்தியாக்கிரகம் ஏறத்தாழ 140 நாள் நீடித்தது. அமைதி வழியில் நடந்த அந்தப் போராட்டமும் சட்டத்தை மாற்றவில்லை. 1949ஆம் ஆண்டில் வந்த மற்றொரு சட்டத்தின்கீழ் ஏறத்தாழ 8 இலட்சம் பேர் குடியுரிமை கோரி விண்ணப்பித்தனர். பல ஆண்டுகள் நடந்த விசாரணைகளுக்குப் பின் அவர்களுள் ஏறத்தாழ 1,34,000 பேருக்கு மட்டுமே அது கிடைத்தது.

அரசியல் மன்றத்தின் கதவு மூடப்பட்டபின், வேலுப்பிள்ளை தொழிற்சங்கப் பணியையும் எழுத்துப் பணியையும் தொடர்ந்தார். 1950களில் 'இன் சிலோன்ஸ் டீ கார்டன்' எனும் அவருடைய ஆங்கில நெடுங்கவிதை வெளிவந்தது. தேயிலைச் செடிகளின் அடியில் நினைவுச்சின்னம் ஏதுமின்றி அடங்கிய முன்னோரை நினைந்து உருகும் படைப்பு அது. அதனைச் சக்தீ அ. பாலையா தமிழாக்கம் செய்தார். அத்தமிழாக்கம் 1969ஆம் ஆண்டில் 'தேயிலைத் தோட்டத்திலே' என்னும் பெயரில் வெளிவந்து மலையக வாசகரிடையே பரவியது.

பாடல்களைத் திரட்டும் பணி

மண்ணுக்கும் மக்களுக்கும் உள்ள உறவைக் காட்ட ஏடு இல்லை என்றது சட்டம். ஆனால், அந்த உறவை ஒவ்வொரு நாளும் பாடிக்கொண்டிருந்தன லயங்கள். அந்தப் பாடல்களை ஏட்டில் ஏற்றும் பணியில் வேலுப்பிள்ளை ஈடுபட்டார். தொழிற்சங்க வேலை அவரைத் தோட்டம் தோட்டமாக அழைத்துச் சென்றது. மக்களின் குறைகளைக் கேட்கும் செவி அவர்களின் பாடல்களையும் கேட்டது.

நாட்டுப்புறப் பாடலைத் திரட்டுவது எளிய செயலன்று. ஆசிரியர் பெயர் அதற்கில்லை. நிலையான வடிவமும் இல்லை. ஒரே பாடலை ஒரு தோட்டத்தில் ஒருவிதமாகவும் அடுத்த தோட்டத்தில் வேறுவிதமாகவும் பாடுவர். தாலாட்டைக் குழந்தை இல்லாமல் பாடச் சொன்னால் தாய்க்கு நாணம் வந்துவிடும். ஒப்பாரியைச் சாவு வீட்டுக்கு வெளியே பாடினால் ஆகாது என்று மூதாட்டிகள் அஞ்சுவர். வேலைப் பாட்டோ, கையும் காலும் வேலையில் இயங்கும்போதே தடையின்றி வரும். உட்கார வைத்துக் கேட்டால் பாதியில் நின்றுவிடும். துரையையும் கங்காணியையும் கேலி செய்யும் பாடல்களை முன்பின் அறியாதவரிடம் எவரும் பாடிக்காட்ட மாட்டார். பாடுபவரின் நம்பிக்கையைப் பெற்றவரால் மட்டுமே அவற்றைக் கேட்க முடியும். மக்களுக்காகப் பல ஆண்டுகள் உழைத்த வேலுப்பிள்ளைக்கு அந்த நம்பிக்கை இருந்தது.

உலகின் வேறு இடங்களிலும் இத்தகைய பணி நடந்துள்ளது. இரசியப் பேரரசின் ஆட்சிக்குள் இருந்த பின்லாந்தில் எலியாசு லொன்ரோட் என்னும் மருத்துவர் சிற்றூர்களுக்கு நடந்து சென்று பாடகர்களிடம் பழம்பாடல்களைக் கேட்டு எழுதினார். அவற்றைக் கோத்து அவர் 1835ஆம் ஆண்டில் வெளியிட்ட 'கலேவலா' என்னும் காவியம், பின்லாந்து மக்கள் தம் மொழியைப் பெருமையாக எண்ணக் காரணமாயிற்று. தமிழகத்தில் பேராசிரியர் நா. வானமாமலை, உழவரும் தொழிலாளரும் பாடிய பாடல்களை நண்பர்களின் துணையோடு திரட்டி, 1964ஆம் ஆண்டில் 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' என்னும் நூலாக வெளியிட்டார். இலங்கை மலைநாட்டில் இதே வகைப் பணியைச் செய்த முன்னோடிகளுள் வேலுப்பிள்ளை சிறப்பிடம் பெறுகிறார். அவர் திரட்டிய பாடல்கள் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' எனும் பெயரில் 1980களில் நூலாக வெளிவந்தன.

பாடல்கள் கூறும் வரலாறு

அந்தப் பாடல்களில் அப்படி என்ன இருந்தது? முதலாவதாக, அவற்றில் காலம் பதிவாகியிருந்தது. கோப்பித் தோட்டங்கள் அழிந்து பல பத்தாண்டுகள் கடந்தபின்னும் கோப்பிப் பழம் பறிக்கும் பாடல்கள் மலைநாட்டில் வழங்கி வந்தன. வளைந்து வளைந்து செல்லும் மலைப்பாதையில் ஏறிப் பழம் பறித்ததையும், ஒரு பழம் தவறிப்போனதற்காகச் சின்னத் துரை உதைத்ததையும் ஒரு பாடல் சொல்கிறது. அதைப் பாடிய பிற்காலத்தவர் கோப்பிச் செடியைத் தம் தோட்டத்தில் கண்டிருக்க மாட்டார்கள். தேயிலைக்கு முன்பே தம் முன்னோர் அம்மலைக்கு வந்துவிட்டனர் என்பதற்கு அப்பாடலே சான்றாக நின்றது. பிறப்புச் சான்றிதழ் சொல்லாத செய்தியை ஒரு பாட்டுச் சொன்னது.

இரண்டாவதாக, அவற்றில் பிரிவு இருந்தது. விட்டுவந்த ஊரையும், அங்கே தனித்திருக்கும் தாயையும், இனிக் காண முடியாத தோப்பையும் குளத்தையும் எண்ணிப் பாடிய பாடல்கள் பல. கண்டிச் சீமை என்று மக்கள் அழைத்த மலைநாட்டின் குளிர், அட்டைக்கடி, அடைமழை ஆகியவையும் பாட்டில் இடம்பெற்றன. மூன்றாவதாக, அவற்றில் எதிர்ப்பு இருந்தது. எடையைக் குறைத்துக் காட்டும் கணக்கப்பிள்ளை, கடனில் சிக்கவைக்கும் கங்காணி, சினம் கொண்ட துரை ஆகியோரை முகத்துக்கு நேரே கண்டிக்க இயலாதவர்கள், பாட்டில் நகையாடினார்கள். வாய்விட்டுப் பேசினால் வேலை போகும். பாட்டாகப் பாடினால் அது பொழுதுபோக்கு என்று விட்டுவிடப்படும்.

இவற்றோடு, வாழ்வின் இனிமையும் பாடல்களில் நிறைந்திருந்தது. மாமன் மகனையும் அத்தை மகளையும் சீண்டும் காதல் பாட்டுகள், கும்மி, கோலாட்டம், தாலாட்டு ஆகியவற்றில் சிரிப்பும் கனிவும் ததும்பின. மலைநாட்டில் காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகிய கூத்துகள் தோட்டந்தோறும் ஆடப்பட்டன. மாசி மாதத்தில் காமன் கூத்து நடைபெறும்போது தோட்டமே ஒரு குடும்பமாகக் கூடும். வறுமையை மட்டுமே பார்த்தவர்கள் தோட்ட மக்களைக் கூலிகள் என்றனர். அப்பாடல்களைப் படித்தவர்களோ, கலையும் நினைவும் சிந்தனையும் உள்ள ஒரு சமுதாயத்தைக் கண்டனர்.

வேலுப்பிள்ளையின் பிற படைப்புகளும் இந்தப் பணிக்குத் துணை செய்தன. 1970ஆம் ஆண்டில் வெளிவந்த 'பார்ன் டு லேபர்' எனும் ஆங்கில நூலில் தோட்டத்து மனிதர்களை அவர் சொற்சித்திரங்களாகத் தீட்டினார். தமிழ் அறியாத உலகம் தோட்டத்து வாழ்வை அறிய வேண்டும் என்பதற்காக ஆங்கிலத்திலும், தம் மக்கள் தம்மைத் தாமே அறிய வேண்டும் என்பதற்காகத் தமிழிலும் அவர் எழுதினார். தேசியத் தொழிலாளர் சங்கத்தில் பொறுப்பேற்றுப் பணியாற்றியபோது 'மாவலி' என்னும் இதழையும் நடத்தினார்.

பாடியவர்கள் பிரிந்த காலம்

பாடல்களைத் திரட்டும் பணி அவசரமானது என்பதை 1964ஆம் ஆண்டு உணர்த்தியது. அவ்வாண்டு அக்டோபர் 30ஆம் நாள் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாசுதிரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். நாடற்றவராகக் கணக்கிடப்பட்ட 9,75,000 பேருள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றி 1974ஆம் ஆண்டில்தான் முடிவெடுக்கப்பட்டது. அவர்களை இரு நாடுகளும் சமமாகப் பங்கிட்டுக்கொண்டன. தம் எதிர்காலத்தை முடிவு செய்த அந்தப் பேச்சுகளில் தோட்ட மக்களின் கருத்து கேட்கப்படவில்லை.

அதன்பின் தோட்டங்களிலிருந்து குடும்பங்கள் பிரிந்து செல்லத் தொடங்கின. அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி மறு நாட்டுக்கும் உரியவராயினர். தலைமன்னாருக்குச் செல்லும் இரயில் புறப்படும் நிலையங்களில் அழுகுரல் நிறைந்தது. மலைநாட்டில் இரயிலைக் 'கோச்சி' என்பார்கள். உறவுகளைப் பிரித்துச் சென்ற அந்த இரயிலுக்கு மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றே பெயரிட்டனர். இறந்தவருக்காகப் பாடும் ஒப்பாரி, உயிரோடு பிரிந்தவருக்காகவும் ஒலித்தது. தமிழகம் சென்றவர்களுள் ஒரு பகுதியினர் நீலகிரியின் தேயிலைத் தோட்டங்களில் மீண்டும் கொழுந்து பறித்தனர். ஒரு தோட்டத்தில் சேர்ந்து பாடியவர்கள் கலைந்தபோது, அத்தோட்டத்தின் பாடல்களும் கலைந்தன.

1970களில் தோட்டங்கள் அரசுடைமை ஆயின. அதே காலத்தில் உணவுத் தட்டுப்பாடு தோட்ட மக்களைப் பட்டினியில் தள்ளியது. 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளில் நிகழ்ந்த இனக்கலவரங்களில் மலைநாட்டுத் தமிழரும் உயிரையும் உடைமையையும் இழந்தனர். பலர் தோட்டங்களை விட்டு வேறு இடங்களுக்குச் சென்றனர். வேலுப்பிள்ளை முதுமையை எட்டியிருந்தார். ஆயினும் அவருடைய எழுதுகோல் ஓயவில்லை. கலவரக் காலத்தின் வேதனையை 'இனிப்படமாட்டேன்' எனும் நாவலில் பதிவு செய்தார். தம் மக்கள் உரிமையிழந்த வரலாற்றை 'நாடற்றவர் கதை' என்னும் நூலில் எழுதினார்.

1984ஆம் ஆண்டு நவம்பர் 19ஆம் நாள் வேலுப்பிள்ளை மறைந்தார். தம் மக்கள் அனைவரும் குடியுரிமை பெறுவதைக் காண அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. அவர் மறைந்து 19 ஆண்டுகளுக்குப் பின், 2003ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம் எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கும் இலங்கைக் குடியுரிமை வழங்கியது.

விட்டுச் சென்ற செல்வம்

மலையக மக்கள் இலங்கைக்கு வந்து 200 ஆண்டுகள் நிறைந்ததை 2023ஆம் ஆண்டில் நினைவுகூர்ந்தனர். அப்போது தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை, முன்னோர் நடந்த வழியிலேயே மக்கள் நடைபயணம் மேற்கொண்டனர். அந்தப் பழைய பயணத்தில் நடந்தவர்கள் நாட்குறிப்பு எழுதவில்லை. அவர்களின் பசியையும் அச்சத்தையும் நம்பிக்கையையும் இன்று நாம் அறிய முடிவதற்கு, வாய்வழி வந்த பாடல்களும் அவற்றைத் திரட்டிய வேலுப்பிள்ளை போன்றோரின் உழைப்பும் பெருங்காரணங்கள்.

மலேசியாவிலும் இத்தகைய முயற்சிகள் நடந்துள்ளன. பேராக் மாநிலத் தோட்டமொன்றில் பிறந்த முத்தம்மாள் பழனிசாமி, தாம் கேட்டு வளர்ந்த பாடல்களை 'நாட்டுப்புறப் பாடல்களில் என் பயணம்' என்னும் நூலில் பதிவு செய்துள்ளார். இருப்பினும், ஏட்டில் ஏறாத பாடல்கள் இன்னும் உண்டு. பல தோட்டங்கள் துண்டாடப்பட்டுவிட்டன. லயன் வீடுகள் இருந்த இடங்களில் செம்பனையும் வீடமைப்புப் பகுதிகளும் வந்துவிட்டன. பாகான் டத்தோவின் தென்னந்தோப்புகளிலும் பால்மரக் காடுகளிலும் ஒலித்த பாடல்கள் இன்று ஒரு சில முதியவர்களின் நினைவில் மட்டுமே தங்கியுள்ளன.

வேலுப்பிள்ளை திரட்டத் தொடங்கிய காலத்தைவிட இன்று வசதிகள் பெருகியுள்ளன. கைப்பேசியிலேயே குரலையும் மெட்டையும் பதிவு செய்துவிடலாம். பாடியவர் யார், எந்தத் தோட்டத்தைச் சேர்ந்தவர், எந்த வேளையில் அந்தப் பாட்டைப் பாடுவர் என்பவற்றையும் உடன் குறித்து வைத்தால், ஒரு பாட்டு ஒரு வரலாற்று ஆவணமாகிவிடும். அதற்குத் தேவையானவை இரண்டே: முதியவர் அருகே பொறுமையாக அமரும் மனம், அவர் பாடுவது மதிப்புள்ளது என்னும் எண்ணம். தம் மக்களை நாடே கைவிட்ட காலத்திலும் அந்த எண்ணத்தைக் கைவிடாமல் உழைத்தார் மக்கள் கவிமணி சி.வி. வேலுப்பிள்ளை. அவர் ஏட்டில் ஏற்றிய பாடல்கள், பெயர் தெரியாத பாட்டாளிகளின் குரலை இன்றும் மலைநாட்டில் ஒலிக்கச் செய்கின்றன.